ஆணி இல்லாத வாய்

எங்கள் தெருவில் இரும்புக் கடைகள் இரண்டு இருந்தன. ஒன்று தெருமுனையில், பலகை மாட்டியது. இன்னொன்று குஷன்காரரின் வாய். முதல் கடையில் கிடைக்காத ஆணிகூட இரண்டாவதில் கிடைக்கும் என்று நான் சொல்லித் திரிந்த காலம் அது. காலையில் டப்பாவிலிருந்து ஒரு பிடி ஆணியை அள்ளி, வறுத்த கடலையைப் போடுவது போல வாயில் போட்டுக்கொள்வார். பகல் சாப்பாட்டுக்குத் துப்பினால், முடிந்ததும் மறுபடி ஒரு பிடி. எத்தனை இருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு என்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நாற்காலி, சோபா, பெஞ்சு இவற்றுக்குப் பஞ்சும் ஸ்பாஞ்சும் வைத்து, மேலே துணியை இழுத்து, ஓரம் முழுக்கச் சின்ன ஆணியாக அடித்துக்கொண்டு போகிற வேலை அவருடையது. இடது கை துணியை விடக்கூடாது. விட்டால் சுருக்கம் விழுந்துவிடும். வலது கையில் சுத்தியல். ஆணி எடுத்துக் கொடுக்க மூன்றாவது கையைக் கடவுள் வைக்கவில்லை. அதனால் வாய். நாக்கு உள்ளேயே ஓர் ஆணியைப் புரட்டி, தலைப்பக்கம் வெளியே தெரிய, கீழ்வரிசை முன்பல் இரண்டின் மேல் கொண்டுவந்து படுக்க வைக்கும். சுத்தியலின் ஒரு முனை காந்தம். அதை உதட்டருகே கொண்டுபோனால் 'டிக்'கென்று ஆணி ஒட்டிக்கொள்ளும். கட்டையில் ஒரு தட்டு, சுத்தியலைத் திருப்பி மறுமுனையால் ஓர் அடி, முடிந்தது. சுத்தியலுக்கு முத்தம் கொடுத்தே குடும்பம் நடத்துகிற மனிதர் உலகத்தில் இவர் ஒருவர்தான் என்பேன். அவர் மனைவி கோபித்துக்கொள்வாள். எனக்கு அது வேண்டியிருந்தது.

அவளை நான் தங்கச்சி என்பேன். அந்த வழியில் அவர் எனக்கு மாப்பிள்ளை. கடையின் பின்பக்கச் சுவரைப் பார்த்தபடி தையல் மெஷின் போட்டு, சோபா உறைகளைத் தைப்பது அவள் வேலை. வாசலைப் பார்த்து அவர், சுவரைப் பார்த்து அவள், நடுவில் பழுதுக்கு வந்த ஏதாவது ஒரு நாற்காலியில் நான். முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாக மின்சார மீட்டர் படித்து ஓய்வு பெற்றவன். கால் நடந்தே பழகிவிட்டதால் தினமும் அவர்கள் கடை வரைக்குமாவது நடந்து, பிறகு மாலை வரை உட்கார்ந்திருப்பேன்.

வாய் நிறைய ஆணி இருக்கிறவன் பேச முடியாது. ஆகவே வேலை நேரத்தில் அவருடைய மொத்த மொழியும் 'ம்' என்ற ஓர் எழுத்துதான். சரி என்பதற்கு ஒரு ம். வேண்டாம் என்பதற்கு ஒரு ம். வாடிக்கையாளர் போனபிறகு அவரைத் திட்டுவதற்கு நீளமான ஒரு ம். தங்கச்சி மட்டும் காலையிலிருந்து பேசிக்கொண்டே இருப்பாள். அந்தக் குரல் தையல் மெஷினையும் தாண்டி நாலு தெருவுக்குக் கேட்கும் என்று நான் சொன்னால், இரண்டு தெருவுக்கு நிச்சயம் கேட்கும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் மெஷினை விட்டு எழுந்து, அவர் எதிரே வந்து, வலது உள்ளங்கையைக் குழித்து அவர் தாடைக்குக் கீழே நீட்டுவாள். மீதமிருக்கிற ஆணிகளை அவர் அதில் துப்புவார். அவள் முந்தானையில் துடைத்து டப்பாவில் போடுவாள். அதற்குப் பிறகுதான் அவருக்குப் பேச்சு வரும். அதுவும் எப்படி வரும்? காலையிலிருந்து அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் வரிசையாகப் பதில் வரும்.

"பத்து மணிக்கு கேட்டியே, அந்தப் பச்சைத் துணி எங்கன்னு. அது மாடிக்காரர் சோபாவுக்கு அடியில போயிடுச்சு. அப்பறம் உங்க அக்கா பொண்ணு விஷயம். அந்தப் பையன் வேண்டாம். நடக்கறப்ப செருப்ப தேய்ச்சிட்டு நடக்கறான். மத்தியானம் ஒண்ணு கேட்டியே, என்னது அது..."

"பசிக்குதான்னு கேட்டேன்."

"ஆமா. பசிச்சுது."

இதைக் கேட்கத்தான் நான் ஆறு மணி வரை உட்கார்ந்திருப்பேன். அவளும் இதற்காகத்தான் பகலெல்லாம் கேள்வி கேட்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் எனக்கு மாலையோடு ஒரு பிரஷர் மெஷினும் கொடுத்திருந்தார்கள். மீட்டர் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவனுக்குப் புது மீட்டர். தெருவில் ஒரு கையையும் நான் விடவில்லை. படித்த எண்ணை அப்படியே சொன்னால் யாருக்கு என்ன சுவாரசியம்? இஸ்திரிக் கடைக்காரர் கையில் பட்டையைச் சுற்றியதும் மெஷின் புகைந்தது என்றேன். மருந்துக் கடைக்காரருக்கு நானூறைத் தொட்டு, முள் வெட்கப்பட்டுத் திரும்பி வந்தது என்றேன். மெஷினில் முள்ளே கிடையாது, அது வேறு விஷயம். தெருவில் எனக்குப் பேரே மீட்டர்தான். மீட்டர் சொன்னால் பாதியைக் கழித்துவிட வேண்டும் என்று தெருவே ஒரு கணக்கு வைத்திருந்தது. அதில் எனக்குப் பெருமைதான்.

ஒரு நாள் குஷன்காரரின் கையில் பட்டையைச் சுற்றினேன். மேலே நூற்றுத் தொண்ணூறு. கீழே நூற்றுப் பன்னிரண்டு. மறுபடி எடுத்தேன். கை மாற்றி எடுத்தேன். எண்ணில் இரண்டு குறைந்தது, அவ்வளவுதான்.

"தங்கச்சி, நூத்தித் தொண்ணூறு காட்டுது."

அவள் திரும்பாமலே சொன்னாள்: "பாதிய கழிச்சா தொண்ணூத்தஞ்சு. ஐயோ பாவம், மனுஷனுக்கு பிரஷரே இல்ல போல. நாளைலேர்ந்து கஞ்சில ரெண்டு உப்பு கூடப் போடறேன்."

அவர் ஆணிகளுக்கு நடுவே குலுங்கினார். ஓர் ஆணி தெறித்துத் தரையில் விழுந்தது. சிரிப்பை ஆரம்பித்தது யார் என்றால், நான்தான்.

ஆறேழு மாதம் போனது. பல் டாக்டர் அம்மா ஒருவர் தன் கிளினிக்கில் ஆட்கள் காத்திருக்கிற பெஞ்சை அனுப்பியிருந்தார். பால் நிறத் துணி. முடிந்ததா என்று பார்க்க ஒரு மத்தியானம் அவரே கடைக்கு வந்தார். குனிந்து ஓரத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது என்னங்க, ஆணிக்கு ஆணி சிவப்புப் பொட்டு?"

"நூல்ல சாயம் போயிருக்கும் டாக்டர்," என்றாள் தங்கச்சி.

"வெள்ளை நூல்ல சிவப்புச் சாயமா?" டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் வாயத் திறங்க."

அவர் வாயைச் சுட்டிக்காட்டி ம் என்றார். தங்கச்சி எழுந்து வந்து உள்ளங்கையை நீட்டினாள். சாப்பாட்டு நேரமும் இல்லாமல், ஆறு மணியும் ஆகாமல் அவர் துப்பியதை நான் அன்றுதான் பார்த்தேன். ஆணிகளோடு எச்சில் விழுந்தது. எச்சிலில் ரத்தம் நூல் நூலாக ஓடியிருந்தது.

டாக்டர் செல்போன் விளக்கை அடித்து வாய்க்குள் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எத்தனை நாளா ரத்தம் வருது?"

"ஆணி குத்தும் டாக்டர். வேலை செய்யற வாய். குத்தினா வரத்தானே செய்யும்."

"பல்லு தேய்க்கும்போது?"

"அப்பவும் வந்துச்சு. அதான் தேய்க்கறத விட்டுட்டேன். தேய்ச்சாத்தானே வருது."

டாக்டர் தங்கச்சியைப் பார்த்தார். "சாப்பாடு?"

"எதையும் கடிக்கறதில்ல டாக்டர். ரொட்டிய டீல நனைச்சு முழுங்குவாரு. இல்லன்னா உப்புக் கஞ்சி. காய், பழம்னா ஓடறாரு. வலி ஜாஸ்தியானா ஒரு கிராம்ப வாயில போட்டுக்குவாரு."

கிராம்பு என்றதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஒரு தடவை ஆணின்னு நெனச்சு கிராம்பையே அடிச்சிட்டாரு டாக்டர். வக்கீல் வீட்டு சோபாவுல இன்னும் இருக்கு. முகர்ந்து பாத்தா தெரியும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "வலிக்கு வேற என்ன போடறீங்க?"

"மருந்துக் கடையில குடுக்கற வலி மாத்திரை," என்றார் அவர். "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மூணு வருஷமா."

மறுநாள் கிளினிக்குக்கு வரச்சொன்னார். துணைக்கு நானும் போனேன். அவரைப் பல் நாற்காலியில் சாய்த்து வைப்பதற்கு முன் டாக்டர் கையில் பட்டையைச் சுற்றினார். நூற்றெண்பத்தெட்டு. "நான் அன்னைக்கே சொன்னேன்," என்றேன். யாரும் பாதியைக் கழிக்கவில்லை.

டாக்டர் நாற்காலியை நிமிர்த்திவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"இங்க பாருங்க. உங்க ஈறு முழுக்கச் சீழு வெச்சிருக்கு. அது வாயோட நிக்கற விஷயம் இல்ல. தினம் அந்த அழுக்கு ரத்தத்துல கலந்துட்டே இருக்கும். ஈறு இப்படி இருக்கறவங்களுக்கு பிரஷர் ஏறறதும் ஜாஸ்தி, மாத்திரைக்கு அடங்காம நிக்கறதும் ஜாஸ்தி. அதனால வாயச் சுத்தம் பண்ணியே ஆகணும். கீழ முன்பல்லு ரெண்டும் ஆடுது. சுத்தம் பண்ணிப் பாப்பேன். அப்பவும் பிடிக்கலைன்னா ரெண்டையும் எடுக்க வேண்டியிருக்கும்."

"முன்பல்லா?"

"முன்பல்லுதான். ஆனா இன்னைக்கு எதுவும் செய்ய மாட்டேன். இவ்வளவு பிரஷரோட கை வெச்சா ரத்தம் நிக்காது. முதல்ல அது இறங்கணும்."

"இறங்கினா எடுத்துடுவீங்க."

"இறங்கினா சுத்தம் பண்ணுவேன்."

"இறங்கலைன்னா?"

"இறங்கற வரைக்கும் பல்லத் தொட மாட்டேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். முகம் தெளிந்திருந்தது. பயம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். வாழ்நாளெல்லாம் மீட்டர் படித்தவன் நான். ஒரு முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

அங்கிருந்து பிரஷர் டாக்டரிடம் போனோம். வயதானவர். மூன்று வருஷமாக வலி மாத்திரை என்று கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதை இன்னையோட நிறுத்துங்க. அதுவே பிரஷர ஏத்தும். இந்த மாத்திரை தினம் காலையில ஒண்ணு. ஒரு நாளும் விடக்கூடாது. அப்பறம் அந்தம்மா சொல்ற நாள்ல போய் வாயக் காட்டுங்க. அவங்க இங்க அனுப்பறாங்க, இவரு அங்க அனுப்பறாருன்னு நினைக்காதீங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே அடுப்பத்தான் அணைக்கறோம்."

பதினைந்து நாள் அவர் ஒழுங்காகப் போட்டார். தங்கச்சி கஞ்சியில் உப்பைக் குறைத்தாள். அது மாட்டுக்குக்கூட ஆகாது என்று ஆறு மணிக்குமேல் அவர் தினமும் புகார் சொன்னார். என் மெஷின் நூற்றைம்பதைக் காட்டியது. நான் தெருவெல்லாம் கேட்க நூற்று இருபது என்று அறிவித்தேன். பல் டாக்டர் வியாழக்கிழமை வரச்சொல்லிவிட்டார்.

அந்தச் செய்தி வந்த அன்று ஆறு மணிக்கு ஆணியைத் துப்பிய பிறகு, அவர் பகல் கேள்விகள் எதற்கும் பதில் சொல்லவில்லை. கீழ் உதட்டை இழுத்து அந்த இரண்டு பற்களையும் விரலால் தடவினார்.

"இது ரெண்டும் போனா ஆணி எங்க நிக்கும் மச்சான்?"

"டப்பாவுல நிக்கும்," என்றாள் தங்கச்சி.

"டப்பாவுல குனிஞ்சு குனிஞ்சு எடுத்தா ஒரு சோபாவுக்கு ஒரு வாரம் ஆவும். துணி கைய விட்டுப் போயிடும். இது ஆணி வெக்கற பலகை. இதப் பிடுங்கிட்டா நான் என்ன பண்றது, வாசல்ல உக்காந்து உங்க அண்ணன மாதிரி கதை அளக்கறதா?"

"நான் எடுத்துத் தரேன். பக்கத்துல உக்காந்து ஒண்ணொண்ணா நீட்டறேன்."

"அப்ப தையல யாரு பாக்கறது?"

"அது கெடக்கட்டும். நீங்க பகல்லயே பேசலாம்ல. முப்பது வருஷமா ஒரு கேள்விக்கு ஆறு மணி வரைக்கும் காத்துக்கிட்டு கெடக்கறேன். பல்லு போனாப் போவுது, பேச்சாவது கெடைக்கும்."

அவர் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து அவளும் சிரித்தாள். விஷயம் முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தோம், நானும் அவளும்.

வியாழக்கிழமை கிளினிக்கில் பட்டையைச் சுற்றினால் நூற்றெண்பத்திரண்டு. டாக்டர் தொடவில்லை. ஒரு வாரம் கழித்து நூற்றெண்பத்தாறு. தொடவில்லை. என் மெஷினும் அதையேதான் சொன்னது. நான் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். பட்டையைச் சந்தேகப்பட்டேன். மெஷின் கொடுத்த ஆபீசைச் சந்தேகப்பட்டேன். பிரஷர் டாக்டர் இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார். தங்கச்சி இருந்த உப்பையும் நிறுத்தினாள்.

"மாத்திரைய முழுங்கியாச்சா?" என்று தையல் மெஷினிலிருந்து கேட்பாள்.

"ம்."

"ரெண்டுமா?"

"ம்."

ஆறு மணிக்கு அவர் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். இந்தக் கேள்விக்குத் திரும்பி வரவேயில்லை. இப்போது நினைத்தால் அது ஒன்றுதான் பதில் இல்லாமல் விடப்பட்ட கேள்வி. அப்போது யார் கவனித்தார்கள்?

அந்த நாளுக்கு வருகிறேன். வந்துதான் ஆக வேண்டும்.

வெயில் மண்டையைப் பிளந்த நாள். சூரியன் எங்கள் தெருவுக்குள் இறங்கி வந்து நிழல் தேடியது என்று அன்று காலையில் சொல்லியிருந்தேன். பகல் சாப்பாடு முடிந்திருந்தது. அவர் ஒரு பெரிய சோபாவின் முதுகுப்பக்கத்தை முடிப்பதற்காக அதன் பின்னால் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் தலையும் தோளும் மட்டும் தெரிந்தது. தங்கச்சி சுவரைப் பார்த்துத் தைத்துக்கொண்டே, அக்கா மகள் கல்யாணத்துக்கு எப்போது கிளம்பலாம் என்று பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, முந்தின நாளே போயிடலாமா?"

"ம்..."

"காலையில போனா போதுமா?"

"ம்ம... ம்..."

"இது எந்த ம்ம்? போலாங்கறதா, வேணாங்கறதா?"

சோபாவுக்குப் பின்னாலிருந்து ஏதோ சத்தம் வந்தது. வார்த்தை மாதிரி தொடங்கி, கொழகொழவென்று போனது.

"ஆணியத் துப்பிட்டுப் பேசுங்க," என்றாள் அவள், தைத்துக்கொண்டே.

நான் எட்டிப் பார்த்தேன். இடது கை துணியைப் பிடித்தபடி இருந்தது. வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. அவர் வாய் எப்போதும் ஒருபக்கம் கோணித்தான் இருக்கும். ஆணிகளை வலது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறவர். உதட்டோரம் எச்சில் வழிந்தது. அதுவும் வழக்கம்தான். கண் மட்டும் என்னையே பார்த்தது.

"மாப்ள இன்னைக்கு இரும்புக் கடைய மொத்தமா கொள்முதல் பண்ணிட்டாரு தங்கச்சி. சரக்கு வெளிய வழியுது," என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் ம் என்றார். இன்னொரு தரம் ம் என்றார். கல்யாணத்துக்கு எந்தப் புடவை என்று அவள் கேட்டாள். அதற்கும் ஒரு சத்தம் வந்தது. எல்லாம் ஆறு மணிக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டோம்.

அரை மணி நேரம். பல நாள் கழித்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன், இதில் பாதியைக் கழிக்காதீர்கள். இது முழு அரை மணி நேரம்.

பிறகு சுத்தியல் கீழே விழுந்தது. அவர் கையிலிருந்து சுத்தியல் விழுந்து நான் பார்த்ததில்லை. தங்கச்சி மெஷினை நிறுத்தித் திரும்பினாள். சோபாவைச் சுற்றிக்கொண்டு போய், அவர் முகத்தைப் பார்த்து, உள்ளங்கையை நீட்டினாள். "துப்புங்க," என்றாள். அவர் துப்பவில்லை. தாடையைப் பிடித்து வாயைத் திறந்து, விரலை உள்ளே விட்டுக் கன்னத்தைத் துழாவினாள். நாக்குக்கு அடியில் துழாவினாள்.

"அண்ணே," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "வாயில ஆணியே இல்லண்ணே."

சாப்பிட்ட பிறகு அவர் ஆணியே போட்டுக்கொள்ளவில்லை. டப்பா அவருக்குப் பின்னால் மூடியபடி இருந்தது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர் அவசரமாகக் கேட்டார்: "எப்பலேர்ந்து பேச்சு இல்ல? சரியான நேரம் சொல்லுங்க. அதை வெச்சுத்தான் என்ன மருந்து குடுக்கறதுன்னு முடிவு பண்ணணும்."

தங்கச்சி முந்தானையால் அவர் வாயோரத்தைத் துடைத்தாள்.

"வேலை நேரத்துல அவரு பேச மாட்டாரு டாக்டர்."

"சரிம்மா, இன்னைக்கு எத்தனை மணிக்கு நின்னுச்சு?"

"முப்பது வருஷமா பேச மாட்டாரு டாக்டர். ஆறு மணிக்குத்தான் பேசுவாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். ஓர் எண் கேட்கிறார்கள். எண் படிப்பதற்கே பிறந்தவன் நான். காலையில் வரும்போது அவர் பேசினாரா, சாப்பிடும்போது பேசினாரா, முதலில் கோணிய ம் எது, இரண்டாவது எது, எதுவும் என்னிடம் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் அப்போது மணி நாலரை. அதைத்தான் சொன்னேன்.

உயிர் பிழைத்துக்கொண்டார். வலது கையும் காலும் போயின. பேச்சு போனது. நாம் சொல்வது புரிகிறது, திருப்பிச் சொல்ல வராது என்றார்கள். பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே பாதியில் நின்ற சோபாவின் சொந்தக்காரர் ஆள் அனுப்பிவிட்டார். தங்கச்சி தானே முடித்துத் தருவதாகச் சொல்லி, ஆணி டப்பாவைத் திறந்து மேஜையில் கவிழ்த்தாள். ஆணிகளோடு, அடியில் புதைந்திருந்த மாத்திரைகளும் வெள்ளை வெள்ளையாகக் கொட்டின. சின்னது, பெரியது, இரண்டு விதமும். எல்லாவற்றிலும் இரும்புத் தூள் ஒட்டியிருந்தது. காலையில் அவள் கையிலிருந்து வாங்கி வாயில் போட்டு, டப்பாப் பக்கம் திரும்பி, அதில் துப்பிக் கிளறிவிட்டு ஆணியை அள்ளியிருக்கிறார். அவள் கண் முன்னால்தான் எல்லாம் நடந்திருக்கிறது.

"ஏண்ணே இப்படிப் பண்ணாரு?"

எனக்குத் தெரிந்துவிட்டது. கிளினிக்கில் அந்தத் தெளிந்த முகம் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. "இறங்கற வரைக்கும் பல்லத் தொட மாட்டேன்னு டாக்டர் சொன்னாங்க தங்கச்சி. அதான் இறங்க விடல."

அவள் மாத்திரைகளை ஆணிகளிலிருந்து பொறுக்கத் தொடங்கினாள். பொறுக்கி எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

"அன்னைக்கு நீங்க நூத்தித் தொண்ணூறுன்னு சொன்னத முழுசா எடுத்திருக்கணும்," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பல் டாக்டர் அம்மா வீட்டுக்கே வந்து பார்த்தார். மாப்பிள்ளையின் கட்டிலருகே உட்கார்ந்து வாயை விளக்கடித்துப் பார்த்து, பஞ்சால் துடைத்துவிட்டார். தினமும் எப்படித் துடைக்க வேண்டும் என்று தங்கச்சிக்குக் காட்டினார். வெளியே வந்ததும், "அந்தப் பல்லப் பிடுங்கறேன்னு நான் சொல்லவே இல்லங்க. சுத்தம் பண்ணிப் பாக்கலாம்னுதான் சொன்னேன். நின்னிருக்கும்னுதான் நெனச்சேன்," என்றார். எங்களிடம் சொல்லவில்லை, படிக்கட்டைப் பார்த்துச் சொன்னார்.

இப்போது கடையில் அவர் பழைய இடத்திலேயே, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தங்கச்சி தைக்கிறாள், ஆணியும் அடிக்கிறாள். ஆணியை டப்பாவிலிருந்து குனிந்து குனிந்து எடுக்கிறாள். அவர் பயந்தது போல வாரக்கணக்கெல்லாம் ஆகவில்லை. ஒன்றரை நாளில் ஒரு சோபா முடிந்துவிடுகிறது. இதை அவரிடம் சொல்ல எங்கள் இருவருக்கும் துணிச்சல் இல்லை. அவர் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்.

மாத்திரையை அவள் வாயில் போட்டு, தண்ணீர் ஊற்றி, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் நகர்கிறாள். நான் தினமும் பிரஷர் எடுக்கிறேன். எண்ணை எண்ணாகச் சொல்கிறேன். தெருவில் சிலருக்கு நான் பேசுவது இப்போது சப்பென்று இருக்கிறதாம்.

கேள்விகளை மட்டும் அவள் நிறுத்தவில்லை. பச்சைத் துணி எங்கே, அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதே என்ன பேர் வைக்கலாம், பசிக்கிறதா என்று பகலெல்லாம் கேட்டுக்கொண்டே தைக்கிறாள். அவர் ம் என்கிறார். அந்த ஓர் எழுத்து மட்டும் அவரிடம் மிஞ்சியிருக்கிறது. ஆறு மணிக்கு அவள் எழுந்து வந்து அவர் தாடைக்குக் கீழே உள்ளங்கையைக் குழித்து நீட்டுகிறாள். எச்சில்தான் விழும். முந்தானையில் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள். நான் அந்த நேரத்தில் தெருவைப் பார்த்துக்கொள்வேன்.

நேற்றும் ஆறு மணிக்கு நீட்டினாள். அவர் நாக்கு உள்ளே எதையோ புரட்டியது. பழைய மாதிரியே, உள்ளே புரட்டி, முன்னால் தள்ளி, உதட்டுக்குக் கொண்டுவந்தது. நான் தெருவைப் பார்க்க மறந்துவிட்டேன். அவள் உள்ளங்கையில் ஏதோ விழுந்தது. ஒரு கணம் எனக்கும் ஆணி என்றுதான் தோன்றியது.

பல். கீழ்வரிசை முன்பல்லில் ஒன்று. வேர் மஞ்சளாக நீண்டிருந்தது. ரத்தம்கூட அதிகம் இல்லை. யாரும் பிடுங்காமல் தானாகவே வந்துவிட்டது.

அவர் அதைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

தங்கச்சி அதை முந்தானையில் துடைத்தாள். ஆணியைத் துடைப்பது போலவே, தலை முதல் நுனி வரை சுற்றித் துடைத்தாள். டப்பாவில் போடவில்லை. கையை மூடிக்கொண்டு, அவர் எதிரே இருந்த சின்ன ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"துப்பியாச்சுல்ல," என்றாள். "காலையிலேர்ந்து எவ்வளவோ கேட்டேன். இப்ப சொல்லுங்க."